காலண்டர் தாளின் பின்பக்கம்

ஐம்பதை நெருங்கினால் வெள்ளெழுத்து, முழங்கால் வலி, பெற்றோரின் மருந்துச்சீட்டு, பிள்ளைகளின் ஃபீஸ் என்று புலம்பக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. செங்கோட்டையில் நான் செய்வது இதுதான்: இரவு படுக்குமுன் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் "நல்லவேளை" என்று தொடங்கி ஒரே ஒரு வரி. (பின்னால் விளம்பரம் அச்சான காலண்டர் உதவாது.)

"நன்றி" என்று தொடங்கினால் எனக்கு மேடைப்பேச்சாகி விடுகிறது. நல்லவேளை என்றால் நடந்தது மட்டும் வரும். "நல்லவேளை, சாரல் பிடிக்குமுன் பக்கத்து வீட்டு மதினி கொடித்துணியை எடுத்து வைத்தார்." "நல்லவேளை, ஆரியங்காவு சாஸ்தா கோயிலுக்குப் போன பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது." (செங்கோட்டை 1956 வரை, இன்று கேரளமான திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், அந்தப் பக்கத்துச் சாமிகளை நாங்கள் விடவில்லை.) "குடும்பம் நலம்" என்று பொதுவாக எழுதாதீர்கள், மூன்றாம் நாளே சலித்துவிடும்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் ஏழு தாளும் வெள்ளை. அவற்றையும் சேர்த்தே கிளிப் போட்டேன்.

மாதக் கடைசியில் விளக்கேற்றிவிட்டு கட்டைப் பிரித்து வாசிப்பேன். சாமியிடம் கேட்க வைத்திருந்த பட்டியல் அன்று கொஞ்சம் சுருங்கிவிடும்.