எஸ்டேட் ஜீப்புக்கு ஏர் சஸ்பென்ஷன்: பட்டையைக் கழற்றாமல் செய்வது எப்படி

ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குள் ஓடுகிற ஜீப்பு, காலையில் வெறும் வண்டியாகப் போகும், மதியம் காப்பி மூட்டையை ஏற்றிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்துபோய்த் திரும்பும். பட்டையை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கைக் கூட்டினால் வெறும் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, குறைத்தால் பாரத்தில் ஆக்ஸில் மேலே வந்து இடிக்கிறது. பாரத்துக்குத் தக்கபடி தானாகவே காற்றைக் கூட்டிக் குறைத்து, வண்டியை ஒரே உயரத்தில் நிறுத்துகிற அமைப்பு இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். அதைத்தான் இங்கே செய்யப்போகிறோம்.

ஒவ்வொரு குழிக்கும் கண நேரத்தில் பதில் சொல்கிற அமைப்பு இது இல்லை. 12 வோல்ட் கம்ப்ரஸரால் அந்த வேகத்துக்குக் காற்று கொடுக்க முடியாது. அதேபோல, பட்டையைக் கழற்றிவிட்டு முழுக்கக் காற்றிலேயே வண்டியை நிறுத்தலாமே என்று முதல் தடவை செய்பவர்கள் யோசிக்க வேண்டாம். பட்டை பாரத்தைத் தாங்குவதோடு ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்தும் வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் ஆக்ஸிலைப் பிடித்து வைக்க லிங்க், பேனார்ட் ராடு என்கிற கம்பிகளையெல்லாம் புதிதாகப் போட வேண்டும். அதனால் பட்டை இருக்கட்டும், பின்னால் பக்கத்துக்கு ஒரு பெல்லோஸ், அதாவது காற்றடைக்கிற ரப்பர் பை, துணைக்கு வைப்போம்.

முதலில் கணக்கு. காற்றழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் தூக்கும் பாரம் கிடைக்கும். 12 செ.மீ. விட்டமுள்ள பெல்லோஸின் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. அதில் 28 பவுண்டு காற்று, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 2 கிலோ அடித்தால் ஒரு பக்கம் 226 கிலோ, ரெண்டு பக்கமும் சேர்த்து 450 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை ஒன்பது. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை உங்கள் பாரத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

சாமான்கள்: பெல்லோஸ் ரெண்டு, 12 வோல்ட் கம்ப்ரஸர், பத்து லிட்டர் டேங்க், பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு, மின்சாரம் கொடுத்தால் மட்டும் திறக்கிற, சாதாரண நிலையில் மூடியிருக்கும் சோலனாய்டு வால்வு நாலு, காற்றை ஒரே திசையில் விடுகிற செக் வால்வு, நைலான் குழாய், உயரம் பார்க்கும் சென்சார் ரெண்டு, சென்சாரைப் பார்த்து வால்வைத் திறந்து மூட ஒரு அர்டுயினோ (நாம் சொல்லிக்கொடுத்தபடி நடக்கிற சின்ன எலெக்ட்ரானிக் போர்டு). சேலம், சங்ககிரி, நாமக்கல் முழுக்க லாரி ஊர்தானே, ஏர் பிரேக் சாமான் விற்கிற கடைகளில் குழாயும் ஃபிட்டிங்கும் டேங்கும் கிடைத்துவிடும்.

அடுத்து பொருத்துவது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத்தான் அடியில் போக வேண்டும், காற்றை நம்பி ஒருபோதும் போகாதீர்கள். பெல்லோஸுக்கு மேலே சேஸிலும் கீழே ஆக்ஸிலிலும் பிராக்கெட்டை போல்ட் போட்டு இறுக்குங்கள், சேஸில் வெல்டிங் வேண்டாம். சைலன்ஸர் குழாய், பிரேக் குழாய், டயர் எதுவும் பெல்லோஸில் உரசக் கூடாது. ஆக்ஸில் முழுக்கக் கீழே தொங்கும்போது பெல்லோஸ் இழுபடாமல் இருக்க ஒரு ஸ்ட்ராப் கட்டுங்கள். பொதுச்சாலையில் ஓட்டும் வண்டி என்றால் இந்த வேலைக்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும்.

காற்றுக் குழாய்தான் இதில் முக்கியமான இடம். செலவு மிச்சம் என்று இடது, வலது பெல்லோஸை ஒரே குழாயில் இணைத்துவிடுகிறார்கள், அது ஆபத்து. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வளைவில் வெளிப்பக்கப் பெல்லோஸ் அமுங்கினால் அதிலிருக்கிற காற்று உள்பக்கத்துக்கு ஓடிவிடும், தாங்க வேண்டிய பக்கம் இன்னும் அமுங்கி வண்டி கூடுதலாகச் சாயும். ஆகவே பக்கத்துக்குத் தனியாக ஒரு குழாய், ஒவ்வொன்றிலும் காற்று ஏற்ற ஒரு வால்வு, இறக்க ஒரு வால்வு. வால்வின் மேல் அம்புக்குறி இருக்கும், ஏற்றுகிற வால்வை டேங்கிலிருந்து பெல்லோஸுக்குப் போகிற திசையிலும், இறக்குகிற வால்வை பெல்லோஸிலிருந்து வெளியே போகிற திசையிலும் வையுங்கள். டேங்க் காலியானால் காற்று பின்னால் திரும்பாமல் இருக்கத்தான் செக் வால்வு.

கம்ப்ரஸருக்கு ரிலே போடுங்கள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். டேங்க் அழுத்தம் 90 பவுண்டுக்கு இறங்கினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஆன் செய்யட்டும், 120ல் ஆஃப். சேஃப்டி வால்வு 150.

சென்சார் என்பது ஒரு பொட்டென்ஷியோமீட்டர்தான், ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு மாதிரி, திருப்பினால் வோல்டேஜ் மாறும். அதைச் சேஸில் வைத்து, அதன் தண்டில் ஒரு நெம்புகோல் மாட்டி, அங்கிருந்து ஒரு கம்பியை ஆக்ஸிலுக்கு இணையுங்கள். பக்கத்துக்கு ஒன்று. இனி அர்டுயினோவுக்குச் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம். பத்து விநாடி சராசரியைப் பார், ஒவ்வொரு குலுக்கலையும் கணக்கில் எடுக்காதே. 15 மி.மீ.க்குள் இருக்கிற வித்தியாசத்தை விட்டுவிடு. ரெண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியிருந்தால் மட்டும் காற்று ஏற்று, சேர்ந்து ஏறியிருந்தால் மட்டும் இறக்கு. இந்த மூன்றாவதுதான் உயிர். வளைவில் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும், பாறையில் ஒரு சக்கரம் ஏறினாலும் அப்படித்தான், அப்போது வால்வு திறக்கவே கூடாது. திறக்கும்போதும் அரை விநாடி திறந்து மூடி, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெல்லோஸில் எப்போதும் 5 பவுண்டாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் மடிப்பில் கடிபட்டுக் கிழியும்.

பல வண்டிகளில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பாரத்தைக் கண்டுபிடித்து, அதற்குத் தக்க பின் பிரேக்கைக் கூட்டுகிற வால்வு அது. நாம் காற்றடித்து உயர்த்திவிட்டால் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று அது நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மூட்டையோடு மலை இறங்கும் வண்டியில் இது விளையாட்டு இல்லை. உங்கள் வண்டியில் இந்தக் கம்பி இருந்தால் பிரேக் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்காமல் ஓட்டாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழ் வந்தால் கசிவு. ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் உயரம் அதே இருக்கிறதா அளந்து பாருங்கள். அப்புறம் அடிவாரத்துச் சமதளத்தில் வெறும் வண்டியை ஓட்டி, ரெண்டு மூன்று வளைவு ஏறி இறங்கி, பெல்லோஸில் உரசல் தடம் இல்லை என்றால்தான் மூட்டை ஏற்ற வேண்டும். மூடுபனி மாதங்களில் டேங்கில் தண்ணீர் சீக்கிரம் சேரும், வாரத்துக்கு ஒரு தடவை டேங்கின் அடியில் இருக்கிற வடிகால் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது சோலனாய்டுக்குள் போய் வால்வு ஒட்டிக்கொள்ளும்.