கனடாவில் உழைத்த முன்னாள் கணவரின் பென்சன்: கொழும்பில் இருந்தபடியே உங்கள் பங்கைக் கேட்பது எப்படி

என் அக்கா 15 வருடம் ரொறன்ரோவில் குடும்பம் நடத்திவிட்டுத் திரும்பி வந்தவர், இப்போது வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறார். கனடா பென்சனில் உங்களுக்கும் பங்கு இருக்குது அக்கா என்று எத்தனை தடவை சொன்னாலும், "அந்த மனுசன் கையெழுத்துப் போடவா போகுது?" என்று விட்டுவிடுவார். முன்னாள் கணவரின் கையெழுத்தும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம். ஒன்டாரியோவில் பிரிந்தபோது "பென்சன் கேட்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அது இதைத் தடுக்காது.

சி.பி.பி. (CPP) என்கிற கனடா பென்சன் திட்டத்தில் பாதி பாதியாகப் பிரிப்பது, சேர்ந்து வாழ்ந்த வருடங்களில் இருவர் பெயரிலும் பதிவான சம்பளக் கணக்கைத்தான். ஒரு வருடம் அவர் கணக்கில் 40,000 டொலர் இருக்க, நீங்கள் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால், பிரித்த பிறகு ஆளுக்கு 20,000. சேர்ந்து வாழத் தொடங்கிய வருடத்து ஜனவரியில் தொடங்கி, பிரிந்த வருடத்துக்கு முந்தின டிசம்பரோடு கணக்கு நிற்கும். நீங்கள் அவரைவிடக் கூட உழைத்தவர் என்றால் கவனம், குறைவது உங்களுடையதாக இருக்கும். கியூபெக் பென்சன் வேறு, அதற்கு அங்கேதான் கேட்க வேண்டும்.

விவாகரத்து 1987 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ கிடைத்தது என்றால் காலக்கெடு இல்லை. புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில் எடுத்த விவாகரத்தும் சரிதான், வழக்குப் போடுவதற்கு முன் உங்களில் ஒருவராவது ஒரு வருடம் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்திருந்தால் கனடா அதை ஏற்கும். ஆனால் முதலில் வரும் நைசை (nisi) என்கிற தற்காலிகத் தீர்ப்பை மட்டும் அனுப்பாதீர்கள், குறைந்தது மூன்று மாதம் கழித்து அப்சலூட் (absolute), அதாவது இறுதி, ஆக்கிய தீர்ப்பு வேண்டும். அது சிங்களத்தில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள், திருமணச் சான்றிதழும் அப்படித்தான்.

எங்களை அலைக்கழித்தது பெயர்தான். கலியாணச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் இன்னொன்று, அதற்கு ஒரு சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது, படிவத்தைத் தொடுவதற்கு முன்பே இதைச் சரிபார்த்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். படிவம் ஐ.எஸ்.பி. 1901, கனடா அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் கனடாவின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். உங்கள் சின் நம்பரை (SIN, கனடாவின் சமூகக் காப்புறுதி இலக்கம்) எழுதுங்கள், அவருடையது ஒரு பழைய வரிக் கடதாசியில் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, பிரிப்பு முடிந்தவுடன் காசு வராது. பென்சனுக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும், 60 வயதிலிருந்து எடுக்கலாம், 65 தாண்டிக் கேட்டால் அதிகபட்சம் ஒரு வருடப் பழைய காசுதான் தருவார்கள். அக்காவுக்கு இப்போது 58, பிரிப்புப் படிவம் போய்விட்டது, 60 நெருங்கும்போது பென்சன் படிவத்தையும் நானே கூட இருந்து நிரப்பிக் கொடுப்பேன்.