வீடியோ பார்த்துக் குழந்தை கற்றுக்கொள்கிறதா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வழி

என் மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. "ரெட், எல்லோ, புளூ, கிரீன்" என்று மழலையில் மூச்சுவிடாமல் சொல்லுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிக் காட்டச் சொல்லிப் பெருமைப்படுவோம். ஒருநாள் துணி ஊறிக்கொண்டிருந்த சிவப்பு வாளியைக் காட்டி, "இது என்ன கலர் கண்ணு?" என்று கேட்டேன். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு "ரெட், எல்லோ, புளூ, கிரீன்" என்று முழுசாகச் சொல்லிவிட்டு இரண்டு கையையும் தட்டினாள். வீடியோவில் கிரீனுக்கு அப்புறம் கைதட்டல் வரும்.

அந்த வயதில் நிறம் பிரித்துச் சொல்லத் தெரியாதது குறையே இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்கு இன்னும் நாள் ஆகும். என்னை உறுத்தியது வேறு. நான்கு மாதமாக "வீடியோ பார்த்தே பாப்பா கலரெல்லாம் கத்துக்கிட்டா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். ஒரு தடவைகூட ஒரு பொருளைக் காட்டிக் கேட்டதில்லை.

எங்கள் வீடு திருப்பூரில். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். வீடியோ விஷயத்தில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. "நாலு வாய் சோறு உள்ள போகணும்னா போன் இருந்துட்டுப் போகட்டும்" என்பார் அத்தை. சின்ன வயதிலேயே இங்கிலீஷ் காதில் விழட்டும் என்பது என் வீட்டுக்காரர் கருத்து. பக்கத்து வீட்டு அக்கா தன் பேரனுக்குப் போனையே காட்டுவதில்லை. எனக்கோ பிளவுஸுக்குக் கை வெட்டி, பட்டி வைத்து முடிக்க நாற்பது நிமிடம் கிடைத்தால் போதும். அந்த நாற்பது நிமிடத்துக்காகவே "அவள் படிக்கிறாள்" என்று நம்ப எனக்குப் பிடித்திருந்தது.

இப்படி நம்புவது நம் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடி டிலோச்சும் உடன் இருந்தவர்களும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 12 முதல் 18 மாதக் குழந்தைகள், நான்கு வாரம். வீட்டுப் பொருள்களின் பெயரைச் சொல்லித்தரும் டிவிடியைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். சில வீடுகளில் டிவிடி இல்லை. அதே சொற்களை அம்மா அப்பாவே போகிற போக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னும் சில வீடுகளில் எதுவுமே செய்யவில்லை. டிவிடி பார்த்த குழந்தைகள், எதுவும் செய்யாத குழந்தைகளைவிடக் கூடுதலாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதிகம் கற்றுக்கொண்டது பெற்றோர் சொல்லிக்கொடுத்த குழந்தைகள். டிவிடி யாருக்கு ரொம்பப் பிடித்திருந்ததோ அந்தப் பெற்றோர்தான் "என் குழந்தை நிறையக் கற்றுக்கொண்டது" என்று அதிகமாக நம்பினார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த வாளி ஞாபகம் வந்தது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். வீடியோ நல்லதா கெட்டதா என்று வீட்டில் சண்டை போடுவதை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். அந்த ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். குழந்தைக்கு ஏற்கெனவே வீடியோ பழகிவிட்ட வீடுகளுக்குத்தான் இது. பழகாத வீட்டில் இதற்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

முதலில் குழந்தை அடிக்கடி பார்க்கும் வீடியோவிலிருந்து மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கமும் ராக்கெட்டும் வேண்டாம். வீட்டிலோ தெருவிலோ கண்ணால் பார்க்க முடிந்த பொருளாக இருக்கட்டும். நான் எடுத்தது ஆடு, குடை, சாவி. இதோடு வீடியோவில் வராத மூன்று சொற்களையும் எடுங்கள். அவற்றை நீங்களே வேலைக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். என் கையில் எப்போதும் இருப்பது நூல்கண்டு, பித்தான், டேப். அந்த மூன்றையே வைத்துக்கொண்டேன். "பித்தான் விழுந்துருச்சு, எடு", "டேப் எங்க போச்சு?" இவ்வளவுதான் பாடம். தனியாக உட்கார்ந்து நடத்தவில்லை.

கேட்கும் முறையில்தான் கவனம் வேண்டும். போன் கண்ணில் படக்கூடாது, பாட்டு ஓடக்கூடாது. "சொல்லு சொல்லு" என்று நச்சரிக்காதீர்கள். இந்த வயதில் வாயில் வருவதைவிடப் புரிவது அதிகம். மூன்று பொருளைப் பாயில் வைத்துவிட்டு "குடை எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். அப்போது நீங்கள் குடையைப் பார்க்கக் கூடாது, குழந்தையின் முகத்தைப் பாருங்கள். நம் கண் எங்கே போகிறதோ அங்கே குழந்தையின் கண்ணும் போய்விடும். முதல் நாள் நானே குடையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன், அவள் சரியாக எடுத்தாள். அடுத்த நாள் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது டப்பாவை எடுத்து வந்தாள். பொருளின் இடத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு நாளில் ஒரு சொல்லுக்கு ஒரு தடவை கேட்டால் போதும். தவறாக எடுத்தால் திருத்தவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். குழந்தைக்கு அது விளையாட்டாகவே இருக்கட்டும்.

நான் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதைக் குறித்துக்கொண்டேன். நூல்கண்டும் பித்தானும் நான்காவது நாளே வந்துவிட்டன. டேப் வரவில்லை. வீடியோச் சொற்களில் சாவி மட்டும் வந்தது. அதுவும் அவள் அப்பா வண்டிச் சாவியைத் தினமும் அவள் கையில் கொடுத்து ஆட்டிக் காட்டுவதால் வந்திருக்கலாம்.

ஆடுதான் என்னால் மறக்க முடியாதது. எங்கள் சந்தில் ஒரு வெள்ளாடு உண்டு, எங்கள் முருங்கை மரத்தடிக்கு வந்துவிடும். அது எங்களுக்கு நான்கடி தூரத்தில் நின்று கீரையை மென்றுகொண்டிருந்தது. "ஆடு எங்க கண்ணு?" என்றேன். அவள் திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். கட்டிலில் கிடந்த போனை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு முருங்கைக் கொத்தைக் கையில் கொடுத்தேன். ஆடு அதை வெடுக்கென்று இழுத்தது. அவள் உடம்பே ஒரு குலுக்குக் குலுங்கியது. "ஆடு இழுக்குது, ஆடு தின்னுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை சந்துப் பக்கம் கை நீட்டி "ஆது" என்றாள்.

ஒரு குழந்தை, ஒரு வாரம். இதை வைத்து ஊருக்கெல்லாம் நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மருத்துவர்கள் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கும் பரிந்துரைப்பதில்லை, 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கமான ஐஏபி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதேதான்: இரண்டு வயதுக்குள் வேண்டாம், சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ கால் மட்டும் பேசலாம்.

வீடியோ காலுக்கு மட்டும் ஏன் விலக்கு? அந்தப் பக்கம் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார். சியாட்டிலில் பாட்ரிஷியா குல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருத்தமானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழி பேசிக் காட்டினார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து பேசியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்து அறிந்தார்கள். அதையே திரையில் போட்டுக் காட்டியபோது பலன் இல்லை. இங்கிலீஷ் காதில் விழட்டும் என்ற என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். இப்போது அவரே தினமும் வண்டி துடைக்கும்போது அவளிடம் இங்கிலீஷில் பேசுகிறார்.

கோபியில் இருக்கும் என் அம்மாவோடு வீடியோ கால் பேசும்போது நான் ஒன்று செய்வேன். அம்மிச்சி கையில் ஒரு கரண்டி இருந்தால், இங்கே மகள் கையிலும் ஒரு கரண்டி கொடுத்துவிடுவேன். "உன் கரண்டிய தட்டு பாக்கலாம்" என்று அம்மிச்சி சொல்ல, இவள் தட்ட, அங்கே சிரிப்பு வரும். ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு வயது தாண்டியபின் வீடியோ காட்டுவதென்றால், முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை காட்சி மாறுகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். கண் சிமிட்டுவதற்குள் மாறிக்கொண்டே இருந்தால் அது வேண்டாம். ஒரு ஆள் நிதானமாகப் பேசி, கேள்வி கேட்டு, கொஞ்சம் காத்திருக்கிற வீடியோ நல்லது. வீட்டில் பேசும் மொழியிலேயே இருக்கட்டும். போனைவிட டிவி மேல், கையில் பிடித்துக்கொள்ள முடியாது. யூடியூப் கிட்ஸ் செயலியில் நீங்கள் தேர்ந்தெடுத்தது மட்டும் வரும்படி வைக்கலாம், டைமரும் இருக்கிறது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். பாதியில் பிடுங்காதீர்கள், "இந்தப் பாட்டு முடிஞ்சதும் வாளியில தண்ணி விளையாடலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடி வாளியைக் கொண்டு வையுங்கள். வீடியோவில் வாழைப்பழம் வந்தால் அன்று ஒரு வாழைப்பழத்தை அவளே உரிக்கட்டும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், விரல் நீட்டி எதையும் காட்டாமல் குழந்தை இருந்தால், எல்லாம் போனால் வந்தது என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள், காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பது. சாப்பாட்டு நேரம்தான் எங்கள் வீட்டில் கஷ்டமாக இருந்தது. அத்தையிடம் நான் ஆய்வைப் பற்றியெல்லாம் பேசவில்லை. குழந்தையின் பசி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவர் கவலையும் நியாயமானது. அதனால் அடுத்த வாரச் சோதனையை அவரிடமே கொடுத்தேன். "அத்தை, நீங்க மூணு வார்த்தை சொல்லிக்குடுங்க, அவ சரியா எடுத்தா இந்த டப்பால ஒரு பித்தான் போடுங்க" என்றேன். அவர் எடுத்துக்கொண்டது தட்டு, வெங்காயம், காக்கா.

வெள்ளிக்கிழமை டப்பாவைக் கொட்டி எண்ணினோம், ஒன்பது பித்தான். சனிக்கிழமை மத்தியானம் பருப்புச் சோறு பிசைந்துகொண்டு அத்தை போனைத் தேடவில்லை. ஒரு கையில் தட்டும் இடுப்பில் பேத்தியுமாக முருங்கை மரத்தடிக்குப் போனார். "வா, காக்காவுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்" என்ற சத்தம் மெஷின் வரைக்கும் கேட்டது.