நாக்கிங்கை நிறுத்தத் தடித்த கேஸ்கெட் போடாதீர்கள்

பெட்ரோல் இன்ஜின் லோடில் 'டிக் டிக்' என்று தட்டினால் (இதுதான் நாக்கிங்), பலர் உடனே தடித்த ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு) போட்டு கம்ப்ரஷனை, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பிஸ்டன் அழுத்தும் அளவை, குறைத்துவிடுகிறார்கள். ஹெட் வேலையில் என்னை அதிகம் வருத்தும் தவறு இதுதான்.

ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சேம்பர் (ஹெட்டில் கலவை எரியும் குழி) முழுக்கப் பரவ நேரம் எடுக்கும். அது இன்னும் எட்டாத ஓரத்துக் கலவை, ஏறும் அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பதுதான் டெட்டனேஷன்; அந்தத் தட்டல் சத்தம் இதிலிருந்துதான் வருகிறது. அந்த ஓரத்தைக் காப்பது ஸ்குவிஷ். பிஸ்டன் மேலே வரும்போது, ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் கலவை பிளக் பக்கம் பிதுங்கிப் பாய்ந்து தீயை வேகப்படுத்தும். இடுக்கில் மிஞ்சுவதை இருபுறத்து உலோகமும் குளிர்விக்கும். 1919-இலேயே இன்ஜின் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ, சைடு வால்வ் இன்ஜினுக்கு (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பது) இந்த வழியில்தான் ஹெட் வடிவமைத்தார். சுமார் 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடுக்கை, தடித்த கேஸ்கெட் 2 மில்லிமீட்டர் ஆக்கினால் ஸ்குவிஷ் போச்சு. பவரும் குறையும், தட்டலும் நிற்காது.

கம்ப்ரஷனைக் குறைத்தே ஆகவேண்டுமா? சரி, ஸ்குவிஷ் பகுதியைத் தொடாமல், சேம்பருக்கு நேர் கீழே பிஸ்டன் தலையில் குழி எடுங்கள்.

இடுக்கைக் கணக்குப் போட்டு நம்பாமல் அளந்து பாருங்கள். சால்டர் கம்பித் துண்டுகளைப் பிஸ்டன் தலைமேல், பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) நீளும் திசையில், இரு ஓரத்திலும் கிரீஸ் தடவி ஒட்டுங்கள். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு பொய்யாகும். ஹெட்டைச் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். அப்புறம் நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தால் உண்மை தெரியும்.

அரைத்த ஹெட்டில் கூர்மையான விளிம்புகளை விட்டுவிடுவது அடுத்த தவறு. மெல்லிய விளிம்பும், சேம்பருக்குள் நீட்டும் பிளக் மரையும் சிவக்கப் பழுத்து, பிளக்குக்கு முன்பே தீ வைத்துவிடும். விரலால் தடவினால் எங்கும் கீறக் கூடாது.

எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டின் (வால்வ் மூடும்போது உட்காரும் வளையம்) அகலத்தை ரொம்பக் குறுக்கவும் கூடாது. வால்வின் சூட்டில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது.

கடைசியாக, கேஸ்கெட்டை ஹெட்மேல் வைத்து கூலன்ட் துளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் போக வேண்டிய வழி அடைபட்டிருந்தால், அந்தச் சிலிண்டர் மட்டும் தனியாகத் தட்டும்.