நான்கு ஊர் சாக்கே, ஒரே மேசை: ஒப்பிட்டுச் சுவைக்கும் முறை

ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயை ஊர்வாரியாக ஒப்பிடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கடையிலேயே தவறிவிடுகிறார்கள். நாதா என்ற ஊரிலிருந்து ஜுன்மாய் வகை ஒன்று, நீகாத்தாவிலிருந்து தாய்கின்ஜோ வகை ஒன்று என்று வாங்கி வந்து, இரண்டுக்கும் தெரிகிற வேறுபாட்டை ஊரின் கணக்கில் எழுதிவிடுவார்கள். அவர்கள் ஒப்பிட்டது ஊரை அல்ல, அரிசியை எவ்வளவு தீட்டினார்கள் என்பதை.

எனவே முதல் விதி: ஊர் மட்டும் மாறட்டும், மற்றதெல்லாம் கூடியவரை ஒன்றாக இருக்கட்டும்.

வாங்குவது

நான்கு பாட்டில்களும் ஜுன்மாய் வகையாக இருக்கட்டும். அரிசி, நீர், கோஜி (அரிசியில் வளர்க்கும் பூஞ்சை), ஈஸ்ட் மட்டும் கொண்டு, தனியே ஆல்கஹால் சேர்க்காமல் காய்ச்சுவது அது. லேபிளில் தீட்டல் விகிதம் 60 முதல் 70% வரை இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண் தீட்டிய பிறகு மிஞ்சிய அரிசியைக் குறிக்கிறது, தள்ளிய தவிட்டை அல்ல. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம். 50 சதவீதமோ அதற்குக் கீழோ மிஞ்சும்படி தீட்டினால் தாய்கின்ஜோ. அதில் பழ மணம் ஓங்கி நிற்கும். அந்த மணம் பெரும்பாலும் ஈஸ்ட்டின் வேலை, ஊர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நாமா (சூடாக்கிப் பதப்படுத்தாதது), கென்ஷு (நீர் சேர்க்காதது, 17 முதல் 20% ஆல்கஹால்), நிகோரி (கலங்கலானது) ஆகியவற்றை இந்தச் சுற்றில் விட்டுவிடுங்கள். கிமோதோ, யமஹாய் என்ற பழைய காய்ச்சும் முறைகளின் பெயர்களையும் கவனியுங்கள். அவற்றில் லாக்டிக் அமிலம் இயற்கையாக ஊற விடப்படுவதால் புளிப்பும் கனமும் கூடுதலாக இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால் ஒப்பீடு கெட்டது.

ஊர்கள்: கோபே பக்கத்து நாதா (ஹகுட்சுரு போன்றவை), கியோட்டோவின் ஃபுஷிமி (கெக்கெய்கான், தமானோஹிகாரி), நீகாத்தா (ஹக்கைசான்), ஹிரோஷிமாவின் சாய்ஜோ (கமோட்சுரு). 300 மில்லி பாட்டில் கிடைத்தால் அதுவே போதும்; கடைசியில் சொல்லும் சூடான சுற்றும் வேண்டுமானால் பெரிய பாட்டில் வாங்குங்கள். நான்கு பேர், தலைக்கு 30 மில்லி, இரண்டு சுற்று என்றால் ஒரு பாட்டிலில் 240 மில்லி செலவாகும்.

தயாரிப்பு

பாட்டில்களுக்குச் செய்தித்தாளைச் சுற்றி எண் போடுங்கள். பெயர் தெரிந்தால் நாக்கு பெயரைத்தான் சுவைக்கும்.

சாக்கே 15 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்து, தெர்மாமீட்டரால் பாருங்கள். 5 டிகிரியில் இனிப்பும் மணமும் ஒடுங்கி நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். 25 தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும்.

சாக்கே காய்ச்சும் ஆலைகளில் இதற்கென்றே கிகிசோகோ என்ற வெள்ளைப் பீங்கான் கிண்ணம் உண்டு. அதன் அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். வெள்ளையில் நிறம் தெரியும், நீல விளிம்பு மங்கினால் கலங்கல் தெரியும். கிடைக்காவிட்டால் ஒரே அளவிலான சிறிய வைன் கிளாஸ்கள் போதும். பிளாஸ்டிக் வேண்டாம், மணம் கெடும்.

சுவைப்பது

நிறம் பாருங்கள். இலேசான மஞ்சள் குறையல்ல. கரியால் வடிகட்டினால்தான் நீர்போலத் தெளியும்.

கிண்ணத்தை ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். வெந்த சோற்று ஆவி, வாழைப்பழம், ஆப்பிள், எது தோன்றினாலும் உடனே எழுதுங்கள். ஊறிய முள்ளங்கியின் வாடை வந்தால் பாட்டில் வெப்பத்தில் கிடந்து முதுமை ஏறியிருக்கிறது என்று பொருள். அதை ஊரின் குணமாக எழுதிவிடாதீர்கள்.

பிறகு 5 மில்லி வாயில் வைத்து, கொஞ்சம் காற்றை உறிஞ்சி நாக்கு முழுவதும் பரப்புங்கள். ஐந்து விநாடி கழித்துத் துப்பிவிட்டு, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பின்மணம் அப்போதுதான் வரும். கடைசியாகச் சுவை எவ்வளவு விரைவாக அறுபடுகிறது என்று கவனியுங்கள். ஜப்பானியர் இதைக் கிரே என்பார்கள். துப்புவதற்கு வெட்கப்பட வேண்டாம். இரண்டு சுற்றையும் விழுங்கினால் ஒருவர் 240 மில்லி குடித்திருப்பார். அதன்பின் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை, வண்டியையும் தொடக்கூடாது.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர். காரமான நொறுக்குத்தீனி மேசைக்கே வரக்கூடாது. நான்கும் முடிந்ததும் வரிசையைத் திருப்பி, கடைசியிலிருந்து மறுபடி சுவையுங்கள். இனிப்பான ஒன்றை அடுத்து வருவது எதுவானாலும் மெலிந்தே தெரியும். திருப்பினால் அந்த ஏமாற்று வெளிப்படும்.

தாளைப் பிரித்த பிறகு

நாதாவின் மியாமிசு ஊற்றுநீர் ஜப்பானில் அரிதான கடின நீர். பொட்டாசியமும் பாஸ்பரஸும் மிகுதி, இரும்பு மிகக் குறைவு. ஈஸ்ட் அதில் முறுக்காக வேலை செய்து சர்க்கரையைத் தின்றுவிடுவதால் சாக்கே விறைப்பாக வரும். ஃபுஷிமி நீர் அதைவிட மென்மை, சாக்கேயும் வழுவழுப்பு. ஆண் சாக்கே, பெண் சாக்கே என்ற பழைய பிரிப்பு இதிலிருந்து வந்தது.

நீர் ஒன்றே விடை என்று அங்கே நின்றுவிடாதீர்கள். நீகாத்தாவிலும் மென்னீர்தான், ஆனால் சாக்கே இனிப்பற்று மெலிதாக இருக்கும். அங்கே பனிக்காலக் குளிரில் மெதுவாக நொதிக்கிறது. கோஹ்யகுமான்கொகு அரிசியும் எளிதில் கரையாது. ஹிரோஷிமாவில் மென்னீர் ஒரு காலத்தில் தொல்லையாகவே இருந்தது. மியுரா சென்சாபுரோ என்ற சாக்கே காய்ச்சுநர் கோஜியை அரிசிக்குள் ஆழமாக இறங்கவிட்டு, தாழ்ந்த வெப்பத்தில் நொதிக்க வைக்கும் முறையை உருவாக்கி 1898-இல் வெளியிட்டார். அதன் பிறகே அவ்வூர் சாக்கே பெயர் பெற்றது. ஹியோகோவின் யமதா நிஷிகி அரிசியை எல்லா ஊர்க்காரர்களும் வாங்குகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊர்ச்சுவை ஒரு போக்கு, சட்டமல்ல.

லேபிளில் நிஹோன்ஷுதோ எண் இருந்தால் உங்கள் குறிப்போடு பொருத்துங்கள். கூட்டல் குறி பக்கம் போகப் போக இனிப்புக் குறைவு, கழித்தல் பக்கம் இனிப்பு. அமில எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். அமிலம் 1.8 இருந்தால் இனிப்பான சாக்கேகூட நாக்குக்கு வறட்சியாகத் தெரியும். +5 என்று போட்ட ஒன்று உங்களுக்கு இனித்தால், பிழை நாக்கில் இல்லை.

சூடான சுற்று

ஒவ்வொரு சாக்கேயையும் 120 மில்லி தனித்தனிக் குடுவையில் ஊற்றுங்கள். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, குடுவையைக் கழுத்துவரை அமிழ்த்தி, 45 டிகிரி வந்ததும் எடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மைக்ரோவேவில் மேலே கொதியும் கீழே குளிர்ச்சியுமாக நிற்கும். குளிரில் மந்தமாக இருந்த நாதா சாக்கே இங்கே எழுந்து நிற்பது வழக்கம்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். தாண்டினால் மீன் குழம்புச் சட்டியில் இரண்டு கரண்டி விடலாம், கவிச்சி அடங்கும்.