தெருவுல பிபி மெஷின தூக்கிட்டு கெளம்புறதுக்கு முன்னாடி

நமக்கு முக்கூடல் பக்கம் ஒரு ஊரு, பேரு வேண்டாம், வீட்டுக்கு வீடு பீடி சுத்துற ஊருன்னு வச்சுக்கோங்க. நாலஞ்சு வருசமா எங்க தெரு, பக்கத்து தெரு ரெண்டு, எல்லாம் சேத்து ஒரு அறுவது வீட்டுக்கு வாரா வாரம் பொதன்கிழம போயிட்டு வாரேன். பிபி பாக்குறது, மாத்திரை தீந்துட்டான்னு கேக்குறது, தனியா இருக்கிற பெரியாளுக கூட செத்த நேரம் உக்காந்துட்டு வாரது, அவ்ளோதான் வேல. நான் நர்ஸும் கெடையாது ஒண்ணும் கெடையாது, பத்தாப்பு முடிச்சுட்டு நானும் பீடி சுத்துனவதான். எங்க ஊர்லயும் இப்பிடி பண்ணணும்னு நெனைக்கோம் எங்கன இருந்து ஆரம்பிக்கன்னு ரெண்டு மூணு பேரு கேட்டாவ, ஒவ்வொருத்தருக்கா சொல்லதுக்கு ஒரேயடியா எழுதிருதேன்.

மொத மாசம் மெஷினே வாங்காதீங்க. சும்மா போங்க. எங்க ஊர்ல பொம்பளைக காலையில வீட்டு வேலய முடிச்சுட்டு சொளகுல பீடி எலையும் பொகையிலத் தூளும் வச்சுக்கிட்டு வேப்பமரத்தடியிலயோ யாரு வீட்டு திண்ணையிலயோ நாலஞ்சு பேரா உக்காந்துருவாவ, சாயங்காலம் பீடிக்கடைக்கு போயி சுத்துன பீடிய கட்டு போடணும், அதனால கை நிக்காது ஆனா வாயும் நிக்காது. அந்த எடந்தான் உங்களுக்கு வேணும். புதுசா ஒரு கூட்டத்த கூட்டாதீங்க, ஏற்கெனவே கூடுற எடத்துல போயி ஒரு ஓரமா உக்காருங்க, நறுக்குன எலையில ரெண்ட எடுத்து சுத்தி குடுங்க. கட்டு போடுற நேரத்துல போயி நின்னா மூஞ்சிய கூட பாக்க மாட்டாவ, சாயங்காலம் சீரியல் நேரத்துலயும் அப்பிடித்தான்.

ரெண்டாவது, எல்லா வீட்லயும் தண்ணி வாங்கி குடிங்க. இது சின்ன விசயம் மாதிரி தெரியும். நம்ம திருநவேலி சீமையில இது சின்ன விசயம் இல்லன்னு உங்களுக்கே தெரியும், எந்த தெருவுல தண்ணி குடிச்சா எந்த தெருவுல "இப்பந்தான் குடிச்சேன் ஆச்சி"ன்னு சொல்லிட்டு வந்தான்னு ஊரே பாத்துக்கிட்டு இருக்கும், ஒரு தடவ நழுவிட்டீயன்னா அந்த தெருவுக்கு நீங்க பிபி மெஷின் இல்ல தங்கமே கொண்டு போனாலும் கதவு பாதிதான் தொறக்கும். கூட்டம் போடுற எடமும் அதே மாதிரிதான். கோயில் மண்டபம், சமுதாயக் கூடம்னு வைக்காதீங்க, அது யாரோ ஒரு தரப்போட எடமா இருக்கும், மத்தவங்க வாசல்லயே நின்னுட்டு போயிருவாவ. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேசன் கடை முன்னாடி, இது மூணும் எல்லாருக்கும் பொது.

மாசம் ஒரு தடவ கூட்டாஞ்சோறு பொங்குறோம். ஆளுக்கு ஒண்ணு, ஒருத்தி பருப்பு, ஒருத்தி முருங்கக்கீரை, ஒருத்தி கத்திரிக்கா, ஒரு வீட்ல அரிசி. எல்லாம் ஒரே பானைக்குள்ள போயிருச்சுன்னா அப்புறம் யாரு வீட்டு அரிசின்னு யாரு பிரிச்சு பாக்க. மொத தடவ பதினொரு பேருதான் வந்தாவ, ரெண்டு பேரு டப்பாவுல வாங்கிட்டு வீட்ல போயி சாப்பிடுதேன்னு போனாவ. நான் ஒண்ணும் சொல்லல. இப்பமும் எல்லாரும் வந்துருதாவன்னு பொய் சொல்ல மாட்டேன்.

மெஷின் வாங்குறதுன்னா கைச்சந்துல, அதாவது முழங்கைக்கு மேல கட்டுறத வாங்குங்க, மணிக்கட்டுல கட்டுறது வேண்டாம். பட்டி கைக்கு பொருந்துதான்னு பாத்துக்கோங்க, குண்டு கைக்கு சின்ன பட்டிய கட்டுனா இல்லாத பிரசர இருக்குன்னு காட்டும். பாக்குற மொறை முக்கியம். காப்பி குடிச்சு பீடி சிகரெட் பிடிச்சு அரைமணி நேரமாவது ஆயிருக்கணும், ஒண்ணுக்கு போயிட்டு வரச் சொல்லணும், முதுகு சாஞ்சு, காலு ரெண்டும் தரையில பட்டு, கை நெஞ்சு மட்டத்துக்கு இருக்கணும், அஞ்சு நிமிசம் பேசாம உக்காரணும். எங்க ஆளுகளுக்கு எல்லாம் செய்ய வரும், பேசாம இருக்க மட்டும் வராது. அதனால நான் போனவுடனே மெஷின எடுக்க மாட்டேன், மொத எல்லா கதையும் கேட்டுட்டு "இனி அஞ்சு நிமிசம் நீங்களும் பேசப்படாது நானும் பேசல"ம்பேன். ஒரு நிமிசம் விட்டு ரெண்டு தடவ பாத்து எழுதுங்க. இதுல ஒண்ணு கவனிச்சேன், பட்டிய கழத்துன அப்புறந்தான் உண்மையான பேச்சு வரும். மருமவ பேசல, மகன் பணம் அனுப்பல, ராத்திரி தூக்கம் இல்ல, இதெல்லாம் மெஷின பைக்குள்ள வைக்கும்போதுதான் சொல்லுவாவ. அந்நேரம் எந்திரிச்சுராதீங்க.

140க்கு 90க்கு மேல இருந்தா உடனே "உங்களுக்கு பிரசர்"னு சொல்லிராதீங்க, ஒரு நாள் பாத்து முடிவு பண்ணுற விசயம் இல்ல அது, வேற வேற நாள்ல பாத்து எழுதி அந்த சீட்டோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க. 180, 120ன்னு காட்டி கூடவே நெஞ்சுவலி மூச்சுத்தெணறல் இருந்தா யோசிக்காதீங்க, 108. வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னாலும் 108தான், எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு ஒரு தாள்ல எழுதி கூட போறவங்க கையில குடுங்க, திருநவேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரில மொத கேக்குற கேள்வி அதுதான், ரத்தக்கட்ட கரைக்கிற ஊசி போடுறதுக்கு ஏறக்கொறைய நாலரை மணி நேரந்தான் கணக்கு. சுகர் மாத்திரை போடுறவங்க திடீர்னு வேர்த்து கை நடுங்கி ஒளறுனா நெனவு இருக்கும்போதே மூணு நாலு ஸ்பூன் சீனிய தண்ணில கலக்கி குடுங்க, நெனவு இல்லன்னா வாயில ஒண்ணும் ஊத்தப்படாது. இதுக்கு மேல வைத்தியம் நம்ம வேல இல்ல. பக்கத்து வீட்டு மாத்திரைய எடுத்து குடுக்குறது கூடவே கூடாது, எங்க தெருவுல அது ஒரு பழக்கமாவே இருந்துச்சு, கடன் வாங்குற சீனி மாதிரி.

மாத்திரைய நிறுத்துறதுதான் பெரிய தலவலி. "இப்பம் தல சுத்தலயே, எதுக்கு மாத்திரை"ன்னு ஒருத்தர் விடாம எல்லாரும் கேப்பாவ. பிரசர் வலிக்காது, அதான் பிரச்சினையே. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சாவ, அதுல இருந்து வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரையும் குடுக்குறதுக்கு பெண் தன்னார்வலர் ஒருத்தி எல்லா பக்கமும் இருக்கா. உங்க ஊரு தன்னார்வலர், கிராம சுகாதார நர்ஸம்மா, அங்கன்வாடி டீச்சர் மூணு பேரையும் மொத பாத்துருங்க. அவங்க வேலய நீங்க பிடுங்க வந்த மாதிரி இருக்கப்படாது. அவங்களுக்கு எத்தனையோ வீடு, உங்களுக்கு அறுவது, அவங்க மாத்திரைய குடுத்துட்டு போனப்புறம் அது வாய்க்குள்ள போகுதா பரண் மேல கெடக்கான்னு பாக்குறதுதான் நம்ம வேல. நான் கேக்குறது "மாத்திரை போட்டீயளா"ன்னு இல்ல, "அட்டைய காட்டுங்க"ன்னுதான். எத்தன குழி காலியா இருக்குன்னு எண்ணுனா தெரிஞ்சிரும்.

சாப்பாட்டு விசயத்துல பிரசங்கம் பண்ணாதீங்க. ஒரு நாளைக்கு உப்பு அஞ்சு கிராம், ஒரு டீஸ்பூன் அளவுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம ஆளுகளுக்கு அந்த ஒரு ஸ்பூன் கருவாட்டுலயும் ஊறுகாயிலயும் மத்தியானத்துக்குள்ளயே முடிஞ்சிரும். கருவாட்ட விட்ருங்கன்னா விட மாட்டாவ, ரெண்டு தண்ணி ஊறவச்சு கழுவிட்டு ஆக்குங்க, அன்னிக்கு அப்பளம் வேண்டாம்னா கேப்பாவ. இன்னொண்ணு கருப்பட்டி. "சீனி போடுறதே இல்ல, கருப்பட்டி காப்பிதான்"னு பெருமையா சொல்லுவாவ, சுகர் முன்னூறுல நிக்கும். கருப்பட்டியும் சக்கரதான், ரத்தத்துல ஏறத்தான் செய்யும். இத நான் கருப்பட்டிக்கு பேரு போன உடன்குடிக்காரங்க முன்னாடி சொல்ல மாட்டேன்.

பீடி சுத்துறவங்களுக்கு கழுத்தும் இடுப்பும் போயிரும், குனிஞ்சே உக்காந்து. மணிக்கொரு தடவ எந்திரிச்சு ஒரு நட நடந்துட்டு வாங்கன்னு சொல்லுதேன், எண்ணிக்கை கொறையும்னு பயப்படுதாவ, அந்த பயம் நியாயமானதுதான், துண்டுக்கூலி. அதனால குடிக்கிற தண்ணிய பக்கத்துல வைக்காதீங்க, எட்டத்துல வைங்கன்னு சொல்லிக் குடுத்தேன், தாகத்துக்காவது எந்திரிக்கட்டும். தூள தொட்ட கையோட சோறு ஊட்டாதீங்க, பிள்ளைய சொளகு பக்கத்துல தூங்க வைக்காதீங்க. இருமல் வந்தா எல்லாரும் "தூள் இருமல்"னு விட்ருவாவ. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் விடாம இருந்தா சளி டெஸ்ட் எடுத்தே ஆகணும். டிபின்னாலும் சிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரில ஃப்ரீ, சத்துணவுக்குன்னு மாசம் ஆயிரம் ரூவாயும் பேங்க்ல வரும், 2024 நவம்பருக்கு முன்னாடி ஐநூறா இருந்துச்சு.

இந்த எடத்துல என் தப்பு ஒண்ணு சொல்லணும். ஆரம்பத்துல ஒரு மதினி வீட்டுக்கு வாசல்ல நின்னே "மதினி சுகர் மாத்திரை வாங்கிட்டீயளா"ன்னு சத்தம் போட்டேன், உள்ள அவங்க மவள பொண்ணு பாக்க வந்த ஆளுக உக்காந்துருக்காவ. அந்த சம்பந்தம் வேற காரணத்துக்கு நின்னுச்சோ என்னவோ, ஆனா மதினி ஏழு மாசம் என்கிட்ட பேசல. அதுக்கப்புறம் வாசல்ல நின்னு எந்த நோயோட பேரும் சொல்றதில்ல. நோட்டுலயும் பேரு கெடையாது, வீட்டு அடையாளமும் கட்டமும் மட்டும், வெளியாளு யாரு எடுத்து பாத்தாலும் ஒண்ணும் புரியாது. டிபி, மனசு சரியில்லாதது, குடி, இதெல்லாம் நோட்டுல ஏறவே ஏறாது, தலைக்குள்ளதான். பெரியாளுகளுக்கு ஏதாவது குடுக்கும்போது போட்டோ எடுத்து குரூப்ல போடுறதயும் விட்ருங்க, பாக்க நமக்கே கூசணும்.

தனியா இருக்கிறவங்க விசயம். எங்க தெருவுல பாதி வீட்ல பிள்ளைக சென்னை, பெங்களூரு, துபாய். ஆச்சியும் தாத்தாவும், இல்லன்னா ஆச்சி மட்டும். இவங்ககிட்ட போயி "என்ன ஒதவி வேணும்"னு கேட்டா "எனக்கென்ன கொற"ன்னு மூஞ்சிய திருப்பிக்குவாவ. நீங்க ஒதவி கேளுங்க. ஒரு ஆச்சிகிட்ட "உளுந்தங்களி எனக்கு கட்டி தட்டுது, வந்து காட்டுங்க"ன்னேன், நெசமாவே எனக்கு வராது. "ஏட்டி, ஒங்கம்மை ஒண்ணும் சொல்லித் தரலயா"ன்னு வஞ்சுக்கிட்டே வந்தா. இப்பம் புதுசா வயசுக்கு வந்த பிள்ள இருக்கிற வீட்டுக்கெல்லாம் களி கிண்ட அவளத்தான் கூப்புடுதாவ, நான் போற பொதன்கிழம வீட்ல ஆளே இருக்கிறதில்ல. ஒரு தாத்தா போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, அவருகிட்ட காப்பீட்டு கார்டு ஃபாரம் எல்லாம் பாக்குற வேலய குடுத்துட்டேன். முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருசம் அஞ்சு லட்சம் வரை, வருச வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், இத என்னைய விட அவரு நல்லா வெளக்குவாரு.

ஆம்பளைகள பிடிக்கிறது கஷ்டம். வீட்டுக்கு போனா "எனக்கு ஒண்ணும் இல்ல, அவளுக்கு பாருங்க"ம்பாவ. ஒரு வழிதான் நடந்துச்சு, காலையில ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சு. டீ குடிக்கிறதுக்கு முன்னாடியே கைய நீட்டச் சொல்லணும். பேப்பர் படிக்கிறவரு ஒருத்தரு கைய நீட்டிட்டா போதும், "எண்ணே உமக்கு எவ்ளோ"ன்னு போட்டி வந்துரும், 130 வந்தவரு 160 வந்தவர கேலி பண்ணுவாரு, மறுவாரம் 160 வரிசையில மொதல்ல நிப்பாரு. பொம்பளையா போயி நிக்க எனக்கு கூச்சமா இருந்துச்சு, தம்பிய கூட்டிட்டு போனேன், இப்பம் அவனே பாத்துக்கிடுதான். குடிய பத்தி மட்டும் அந்த பெஞ்சுல பேசாதீங்க.

பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழம புழு வேட்டை. டெங்கு கொசு நல்ல தண்ணிலதான் முட்ட போடும், பகல்ல கடிக்கும், முட்ட கொசுவா ஆக ஒரு வாரம் பத்து நாள்தான். பொறவாசல்ல கெடக்குற பழைய ஆட்டுரல், சிரட்டை, டயர், ஃப்ரிஜ்ஜுக்கு பின்னால உள்ள தட்டு, எல்லாத்தயும் கவுத்திட்டு தேய்க்கணும், முட்ட சுவத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சாலும் சாகாது. யாரு நெறைய புழு கண்டுபிடிச்சாலும் கடலமுட்டாய். ஒரு பய சொந்த வீட்டு ஆட்டுரல்லயே வளத்து கொண்டு வந்தான், அவனுக்கும் குடுத்தோம்.

நோட்டு எதுக்கு போன்ல எழுதலன்னு கேக்காவ. 2023 டிசம்பர் 17, 18 மழைய மறந்துட்டீயளா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஆத்துல வெள்ளம், கரண்ட் இல்ல, டவர் இல்ல, போன்லாம் செங்கக்கட்டி ஆயிட்டு. அந்த ராத்திரி யாரு வீட்ல எந்திரிச்சு நடக்க முடியாத ஆளு, யாரு வீட்டு சாவி யாருகிட்ட, எல்லாம் அந்த நாப்பது பக்க நோட்டுல இருந்துச்சு, பாலித்தீன் கவருக்குள்ள. இளவட்டங்க அத வச்சுத்தான் வீடு வீடா போனாவ. அதனால சாவி யாருகிட்டங்கிற கட்டத்த மட்டும் விட்ராதீங்க.

நோட்டு அட்டைக்கு பின்னாடி இந்த நம்பர்கள பெருசா எழுதி ஒட்டுங்க: 108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை, 14567 பெரியாளுகளுக்கு, 14416 மனசு சரியில்லன்னா பேசுறதுக்கு, 181 பொம்பளைகளுக்கு, 1098 பிள்ளைகளுக்கு. உசுர விட்ருவேன்னு யாராவது சொன்னா வெளையாட்டுக்குன்னு நெனைக்காதீங்க, தனியா விட்டுட்டு வராதீங்க, பூச்சிமருந்து டப்பா வீட்ல இருந்தா மொத அத வெளிய எடுத்துட்டு வந்துருங்க.

பைக்குள்ள மெஷின், நோட்டு, ரெண்டு பேனா, கண்ணாடி இல்லாதவங்களுக்கு மாத்திரை பேர படிக்க ஒரு லென்ஸ், நாலு எக்ஸ்ட்ரா பேட்டரி. பேட்டரி தீர்ற நேரத்துல மெஷின் எர்ரர் காட்டும், ஆச்சிக அத அவங்க உசுருக்கு வந்த எர்ரர்னு நெனச்சு பயந்துருவாவ.