நாய்க்கடி: முன்னால் கவனிக்க வேண்டியது, பின்னால் செய்ய வேண்டியது

நாய் சொல்லாமல் கடிப்பது அரிது. முதலில் உடம்பு விறைக்கும், திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும், தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கும். உறுமல் அதற்குப் பிறகுதான். வாலாட்டுவதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள்: இடுப்போடு சேர்ந்து நெளியும் வால் வேறு, உயரத் தூக்கி விறைப்பாக ஆடும் வால் வேறு. உறுமும் வளர்ப்பு நாயை அடித்து அடக்குகிறவர்கள் உண்டு. அது உறுமுவதை நிறுத்தும், கடிப்பதை அல்ல.

தின்னும்போது, தூங்கும்போது, குட்டியோடு இருக்கும்போது, கட்டிப்போட்டிருக்கும்போது கிட்டே போகாதீர்கள். சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கும். வீட்டு நாயானாலும் அவர்களைத் தனியே விடக் கூடாது.

தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. கைகளை உடம்போடு ஒட்டி நின்று, கண்ணுக்குள் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு, பிடரியையும் காதுகளையும் கைகளால் மூடுங்கள். பைக்கில் போகும்போது துரத்தினால் காலை உதறாதீர்கள், வண்டி சாயும். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் முதல் வேலை குழாயடிதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயைத் தரும் வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு சிதைக்கும். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்; இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி என்பதெல்லாம் பழைய கதை, இப்போது கையில்தான். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேரும். முதல் ஊசி போடும் நாள்தான் 0.

பல் பதிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. அது வேலை செய்யத் தொடங்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அந்த இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸைத் தடுக்கும் ஆயத்த எதிர்ப்பொருள். காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். போடாவிட்டால் கேளுங்கள். முதல் ஊசியிலிருந்து 7 நாட்கள் வரை போடலாம். தையல் தேவைப்பட்டாலும் இதற்குப் பிறகே.

‘தடுப்பூசி போட்ட நாய்தானே’ என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊசியைத் தொடங்கிவிட்டு, நாய்க்கு நோய் தெரிகிறதா என்று 10 நாள் கவனியுங்கள். ஆத்திரத்தில் அதை அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்க எதுவும் இருக்காது.